மாநாட்டுப் பந்தலில் ஒரு கைநாட்டு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவுக்கு வளைவு வெயில் தணிந்து குளிர் கூடும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தை எட்டும்போது, கீழே விட்டு வந்த புழுக்கத்தோடு, கீழே விட்டு வந்த உலகமும் மறந்து போகும். ஏரியும் காப்பித் தோட்டமும் மூடுபனியும் சேர்ந்து மனிதனை மயக்கிவிடும். அதனால்தானோ என்னவோ, நாட்டின் கல்வியைப் பற்றிக் கவலைப்படுவோர் ஒன்றுகூடிக் கவலைப்பட இத்தகைய மலைகளையே விரும்புகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு கூட்டத்தில் நானும் இருந்தேன். முதியோர் கல்விக்கும் அடிப்படைக் கல்விக்கும் குரல் கொடுக்கும் வட்டாரக் கூட்டமைப்பு ஒன்று அதை நடத்தியது. அதன் அலுவல்களைக் கவனிக்கும் பொறுப்பில் நான் இருந்தேன். அதன் பெயரை ஈண்டு எழுதப் போவதில்லை. எழுதினால் குற்றம் அந்த ஒன்றோடு முடிந்துவிட்டதாக மற்றவர்கள் நிம்மதி அடைந்துவிடுவார்கள்.

இரண்டாம் நாள் நண்பகலில், 'கற்போர் குரல்' என்ற தலைப்பில் அரைமணி நேர நிகழ்ச்சி. சேர்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து மலையாளிப் பழங்குடிப் பெண்கள் நால்வரை அழைத்து வந்திருந்தோம். இப்பெயரைக் கண்டு கேரள நாட்டினர் என்று வாசகர்கள் மயங்க வேண்டாம். மலையை ஆளும் மக்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது; பேசுவது தமிழே. காப்பிப் பழம் பறிக்கும் பருவம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர்கள் வந்திருந்தனர். ஆளுக்கு இரண்டு வாக்கியம் பேசினார்கள். கைதட்டினோம். படம் எடுத்தோம். பிறகு வழிச்செலவுப் பணம் கொடுக்க வேண்டும். அதற்கு ரசீதில் ஒப்பம் வேண்டும்.

நால்வரில் மூத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பேனாவைக் கேட்டு வாங்கினார். தாளின் மீது குனிந்து, முதல் எழுத்தைப் போட்டார். இரண்டாம் எழுத்தின் சுழியை வளைக்கத் தொடங்கினார். கூடத்தில் சாப்பாட்டுக்கு அழைத்துக் கொண்டிருந்தார்கள். பின்னால் மூவர் நின்றிருந்தனர். நான் ஸ்டாம்ப் பேடைத் திறந்து அவர் முன்னே நகர்த்தினேன்.

"கொஞ்சம் இருங்க பாய், நானே எழுதறேன்" என்றார் அந்த அம்மையார்.

"நேரமாச்சும்மா, கைநாட்டே போதும்" என்றேன் நான்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்தார். பெருவிரலை மையில் ஒற்றி, தாம் எழுதத் தொடங்கியிருந்த அந்த ஒன்றரை எழுத்தின் மீதே பதித்தார். அந்த ரசீது தணிக்கைக்குச் சென்று, எந்தக் குறையுமின்றித் திரும்பி வந்தது.

முதியோர் கல்விக்காக நடந்த மாநாட்டில், எழுதத் தெரிந்த ஒரு முதியவரைக் கைநாட்டாக்கியவன் நான். ஆகவே, இனி நான் சொல்லப் போகும் கடுஞ்சொற்கள் யாவும் முதலில் என்னைச் சுட்டுவிட்டே பிறரைச் சுடும்.

கூட்டமைப்பு எதற்காக?

ஒரு சிற்றூரில் இரவுப் பள்ளி நடத்தும் ஆசிரியை, விளக்குக்கும் பலகைக்கும் வழி தேடலாம். நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு காசைக்கூட நகர்த்த அவரால் முடியாது. ஆயிரம் சிற்றூர்களின் ஆசிரியர்கள் ஒன்று சேர்ந்தால் நகர்த்தலாம். இந்த எளிய உண்மையிலிருந்தே கூட்டமைப்புகள் பிறந்தன. 1939இல் இந்திய முதியோர் கல்விச் சங்கம் தோன்றியது. 1964இல் சிட்னி நகரில், ஆசிய, தென்பசிபிக் நாடுகளுக்கான முதியோர் கல்வி அமைப்பு உருவாயிற்று. இன்று ஆஸ்பே என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அச்சங்கத்தில், ஏறத்தாழ 30 நாடுகளைச் சேர்ந்த 200க்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வேலூரில் பிறந்து, யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்த மால்கம் ஆதிசேஷையா, தாயகம் திரும்பிய பின்னும் முதியோர் கல்விக்காக ஓயாது வாதாடியவர். இத்துறையில் தமிழகம் வெறும் பார்வையாளராக இருந்ததில்லை.

இவ்வமைப்புகளால் பயனில்லை என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது நன்றி கொன்ற செயலாகும். 1990இல் தாய்லாந்தின் ஜோம்தியனில் 'அனைவருக்கும் கல்வி' என்று உலக நாடுகள் முழங்கின. 2000த்தில் செனகலின் டக்காரில் மீண்டும் முழங்கின. எனினும் 'அனைவர்' என்ற சொல் காலப்போக்கில் 'அனைத்துச் சிறுவர்' என்று சுருங்கலாயிற்று. வயது வந்தோரை மறவாதீர் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று தட்டியவை இந்தக் கூட்டமைப்புகளே. அவை தட்டியிராவிட்டால், 2015இல் ஐக்கிய நாடுகள் அவை வகுத்த வளர்ச்சி இலக்குகளில் வயது வந்தோரின் எழுத்தறிவுக்கு ஒரு வரிகூடக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் அந்த ஒரு வரி என்ன சொல்கிறது? 2030க்குள் இளைஞர் அனைவரும் எழுத்தறிவு பெற வேண்டுமாம். வயது வந்தோரிலோ, 'கணிசமான பகுதியினர்' பெற்றால் போதுமாம். கணிசம் என்றால் எவ்வளவு? எந்தப் பகுதி உள்ளே, எந்தப் பகுதி வெளியே? அந்த மலையாளி அம்மையார் கணிசத்தில் சேர்ந்தவரா, கழிசலில் சேர்ந்தவரா? உலகில் எழுதப் படிக்கத் தெரியாத வயது வந்தோர் 70 கோடிக்கும் மேற்பட்டோர் என்றும், அவர்களில் மூன்றில் இருபங்கினர் பெண்கள் என்றும் யுனெஸ்கோ கணக்கிடுகிறது. அத்தனை பேரின் விதியை ஒரு வழுக்கும் சொல்லுக்குள் வைத்து மூடிவிட்டார்கள்.

மூன்று நோய்கள்

இத்தகைய கூட்டமைப்புகளைப் பற்றிய நோய்களுள் முதன்மையானது, கூடுவதையே செயலாகக் கருதும் நோய். ஒரு கூட்டம் அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கிறது. தீர்மானம் அறிக்கையாகிறது, அறிக்கை அடுத்த மாநாட்டின் பையில் கிடக்கிறது. சென்ற ஆண்டு தீர்மானித்தது என்னவாயிற்று என்று எழுந்து கேட்பவர் இல்லை. கேட்க வேண்டியவர்கள் கூடத்தில் இல்லை. அவர்கள் தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்துக் கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது நோய், பணம் கொடுப்பவரை எசமானராகவும், கற்பவரைச் சான்றாகவும் ஆக்கிவிடும் நோய். நிதி எந்த மாதத்தில் வருகிறதோ அந்த மாதத்தில் இயக்கம் விழிக்கிறது. நிதி முடியும்போது உறங்கிவிடுகிறது. கற்பவரின் பருவம் வேறு. மழையும் அறுவடையும் காப்பிப் பறிப்பும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வகுக்கும் பருவம் அது. மலைச் சிற்றூரின் நாட்காட்டியைப் பார்த்து வகுப்புக்கு நாள் வைத்த திட்டம் ஒன்றையேனும் என் பொறுப்புக் காலத்தில் நான் கண்டதில்லை. நானும் வைத்ததில்லை.

மூன்றாவது நோய், எண்ணிக்கை நோய். 1988ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் ஓர் அளவுகோலை வகுத்தது. நிமிடத்துக்கு 30 சொற்களை உரக்கப் படிக்க வேண்டும். 7 சொற்களைக் கேட்டு எழுத வேண்டும். கூட்டல் கழித்தல் அறிந்திருக்க வேண்டும். குறை சொல்ல முடியாத அளவுகோல்தான். ஆனால் அளவுகோல் பெட்டிக்குள் உறங்க, பதிவேடு மட்டும் நிரம்பும் கதை எத்தனை ஊர்களில் நடந்திருக்கிறது! சேர்ந்தோர் தொகையே தேறியோர் தொகையாக மாறும் அற்புதத்தைப் பதிவேடுகளில்தான் காணலாம்.

அரசின் அரைகுறை அன்பு

கூட்டமைப்புகளைக் கடிந்ததைக் கண்டு அரசினர் மகிழ வேண்டாம். அவர்களுடைய கணக்கு இன்னும் கொடிது.

1978ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. 15 முதல் 35 வயது வரையிலான 10 கோடிப் பேருக்கு ஐந்தே ஆண்டுகளில் எழுத்தறிவு என்றார்கள். ஆட்சி மாறியது, வேகம் அடங்கியது. 1988இல் இலக்கு 8 கோடி என்றார்கள். 2009இல் 'சாக்ஷர் பாரத்' வந்தது. ஊராட்சி தோறும் மையம் அமைத்து, அதை நடத்தும் ஊக்குநருக்கு மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம் தந்தார்கள். 2018 மார்ச் 31ஆம் நாளோடு அதுவும் முடிந்தது. பின்னர் 2022 முதல் 2027 வரைக்கென, 'உல்லாஸ்' என்று பின்னாளில் பெயர் சூட்டப்பட்ட புதிய எழுத்தறிவுத் திட்டம் தீட்டப்பட்டது. ஐந்தாண்டுகளில் 5 கோடிப் பேர். மொத்த ஒதுக்கீடு 1,037 கோடியே 90 இலட்சம் ரூபாய்.

வாசகப் பெருமக்களே! தாளும் எழுதுகோலும் எடுத்து வகுத்துப் பாருங்கள். தலைக்கு 207 ரூபாய் 58 காசு! ஒரு மனிதரின் ஆயுட்கால இருளை அகற்ற இந்த நாடு ஒதுக்கிய தொகை இது. கற்பிப்பவருக்குக் கூலி? அவர் தொண்டராம், கூலி கேட்கக் கூடாதாம். மாதம் 2,000 ரூபாய் கொடுத்த காலத்தில் அது போதவில்லை என்று முறையிட்டோம். அரசு முறையீட்டைத் தீர்த்துவைத்தது, அந்த 2,000த்தையும் நிறுத்தி!

தொண்டின் பெருமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பத்ருக்களத்தில் சிறைப்பட்டவர்களின் வரலாற்றை நம் இல்லங்களில் அறியாதார் யார்? எழுதப் படிக்கத் தெரிந்த கைதி ஒருவர், மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுத்துக் கற்பித்தால் அதுவே அவருடைய மீட்புத் தொகை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பது வரலாறு. இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். கற்பித்தலுக்கு விலை உண்டு. அந்த விலை ஒரு மனிதனின் விடுதலைக்கு ஈடானது. அதை இலவசப் பண்டமாக்கியவர்கள் பிற்காலத்தவர்களே.

சட்டமும் இவ்வழக்கில் கைவிரிக்கிறது. 2002இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை. நன்று. அந்த வயதில் பள்ளிக்கு அனுப்பப்படாமல் காப்பித் தோட்டத்துக்கு அனுப்பப்பட்ட சிறுமிக்கு இன்று ஐம்பது வயது. அன்று உரிமை இல்லை, சட்டம் பிறக்கவில்லை என்பதால். இன்றும் உரிமை இல்லை, வயது கடந்துவிட்டது என்பதால். அரசு செய்த பிழைக்கு அபராதம் கட்டுகிறவர் அந்த அம்மையார். இது நீதியா?

மறுப்போர் கூறுவன

இதற்கு மூன்று மறுப்புகளை நான் எப்போதும் கேட்கிறேன்.

"முதியவர்கள் இன்னும் எத்தனை நாள்? உள்ள பணத்தைக் குழந்தைகளுக்குச் செலவிடுங்கள்" என்பர் சிலர். தாய் படித்த வீட்டில் குழந்தையின் படிப்பு நிலைக்கிறது என்பது கல்வித்துறையில் எவரும் மறுக்காத உண்மை. தாய்க்குச் செலவிடுவது குழந்தைக்குச் செலவிடுவதே. ஆனால் இவ்வாதத்தோடு நான் நிற்க மாட்டேன். குழந்தைக்குப் பயன்படுவார் என்பதற்காக மட்டுமா ஒரு தாய் படிக்க வேண்டும்? தம்முடைய பட்டாவைத் தாமே படிக்கவும், தம்முடைய கூலிக் கணக்கைத் தாமே சரிபார்க்கவும் அவருக்குள்ள உரிமை, பிள்ளை பெற்றதால் வந்த உரிமையன்று; மனிதராகப் பிறந்ததால் வந்த உரிமை.

"கைப்பேசி வந்துவிட்டது, கேட்டால் போதும், படிக்க வேண்டியதில்லை" என்பர் வேறு சிலர். கைப்பேசி வந்த பின் எழுத்தறியாதவரின் இடர் கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை. வங்கியிலிருந்து வரும் இரகசிய எண்ணைப் படிக்க அயலாரிடம் கைப்பேசியை நீட்டுகிறவர், தம் பணப்பெட்டியின் சாவியையே நீட்டுகிறார். முன்னர் ஏமாற்றுகிறவன் நேரில் வர வேண்டியிருந்தது. இன்று அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதுகூடத் தெரியாது.

"அவர்களே விரும்பவில்லை, வகுப்பு வைத்தால் வருவதில்லை" என்பது மூன்றாம் மறுப்பு. நாள் முழுதும் சரிவில் நின்று பழம் பறித்து, எடைபோட்டுக் கொடுத்து, விறகும் தண்ணீரும் சுமந்து வீடு சேரும் பெண்ணிடம், இரவு ஏழு மணிக்கு வந்து 'அ' எழுது என்கிறோம். அவர் வராவிட்டால் ஆர்வமில்லை என்று எழுதிக்கொள்கிறோம். ஆர்வம் இல்லாதவரா, சாப்பாட்டு நேரத்தில் நான்கு பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு தம் பெயரை எழுத முயன்றார்?

முடியும் என்று காட்டியவர்கள்

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. நம் கண்முன்னே முடிந்திருக்கிறது.

1991 ஏப்ரல் 18ஆம் நாள், கோழிக்கோட்டின் மானாஞ்சிறைத் திடலில் மக்கள் வெள்ளம். கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்க வேண்டும். அதை அறிவித்தவர் முதலமைச்சரல்லர், ஆளுநரல்லர். மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா என்ற முதிய மாப்பிள்ளைப் பெண்மணி. அந்த இயக்கத்திலேயே எழுத்துக் கற்றவர். ஒரு மாநிலத்தின் பெருமையைத் தம் வாயால் படித்து அறிவித்தார். மேடையை யாருக்குக் கொடுப்பது என்று கேரளத்தார் அறிந்திருந்தார்கள். அத்தோடு விட்டுவிடாமல், எழுத்தறிவுக்கென நிலையான அமைப்பொன்றை ஏற்படுத்தி, கற்றவர்கள் மேலும் நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று தொடர்ந்து படிக்கவும் வழி செய்தார்கள்.

நம் புதுக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் முன்னின்றார். ஆனால் அவர் ஒருவரால் நடந்ததன்று. இந்திய அளவில் பாரத் ஞான் விஞ்ஞான் சமிதியும், இங்கே தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் ஊர் ஊராகத் தொண்டர்களை இறக்கின. பாட்டும் தெருநாடகமும் முன்னே சென்றன. பலகையும் எழுதுகோலும் பின்னே சென்றன. கல்லுடைக்கும் பெண்கள் எழுத்துக் கற்றதோடு, குழுவாகச் சேர்ந்து கற்சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். எழுத்தறிவுக்கும் மிதிவண்டிக்கும் என்ன உறவு என்று ஏளனம் செய்தோர் உண்டு. பிறர் கையை எதிர்பாராமல் நகர முடியும் என்ற உணர்வே இரண்டுக்கும் உள்ள உறவு. அதுவும் ஒரு கூட்டமைப்பின் வேலைதான். ஆனால் அது ஊரில் நடந்தது; விடுதியில் நடக்கவில்லை.

சேர்வராயன் மலையில் அத்தகைய எழுச்சிக்குத் தேவை இல்லையா? 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. தமிழ்நாட்டுப் பழங்குடி மக்களின் எழுத்தறிவு 54 விழுக்காடு. ஒரே மாநிலத்தில், ஒரே மொழி பேசுவோரிடையே, இத்துணை பெரிய பள்ளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்திலேயே இம்மலைக்குக் காப்பிச் செடி வந்துவிட்டது. நூறாண்டு கண்ட உறைவிடப் பள்ளிகளும் இம்மலைமேல் உண்டு. தொலைவூர்ப் பிள்ளைகள் வந்து தங்கிப் படித்துப் பெயர் பெற்றிருக்கிறார்கள். அப்பள்ளிகளை நான் குறைகூறவில்லை. கல்விக்கு உகந்த காற்று இம்மலையில் உண்டு என்பதற்கு அவையே சாட்சி. அந்தக் காற்றைத் தலைமுறை தலைமுறையாகச் சுவாசித்தவர்களுக்கு அது ஏன் பயன்படவில்லை என்பதே என் கேள்வி.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. தலைமுறையாக உழுத காட்டு நிலத்துக்கு உரிமை கோரலாம் என்றது. கோருவதற்கு மனு வேண்டும். மனுவுக்குச் சான்று வேண்டும். கிராம சபையில் தீர்மானம் வேண்டும். எல்லாம் தாள், எல்லாம் எழுத்து. எழுத்தறியாதவருக்கு அந்தச் சட்டம், பூட்டிய பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த பரிசு. சாவி தரகரிடம் இருக்கிறது.

நமக்கு என்ன?

"இதெல்லாம் மலைவாழ் மக்களின் சிக்கல், நம் சமுதாயப் பத்திரிகையில் எதற்கு?" என்று கேட்கக்கூடிய சகோதரர்களுக்குச் சில சொற்கள்.

2001ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 83 விழுக்காடு. மாநிலச் சராசரியைவிட அதிகம். அதே கணக்கில் இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59 விழுக்காடே என்பதைச் சச்சார் குழு 2006இல் எடுத்துக் காட்டியது. அல்ஹம்துலில்லாஹ், நம் நிலை மேல். ஆனால் மேட்டில் நிற்கிறவனுக்குப் பள்ளத்தில் நிற்பவனைப் பார்க்கும் கடமை குறைவதில்லை, கூடுகிறது.

நம் முன்னோர் அப்படித்தான் பார்த்தார்கள். 1938இல் பீகாரின் கல்வி அமைச்சராக இருந்த டாக்டர் சையித் மஹ்மூத், அம்மாகாணத்தில் பெரும் எழுத்தறிவு இயக்கம் நடத்தினார். அதே ஆண்டில் தில்லி ஜாமிஆ மில்லியாவின் ஷபீகுர் ரஹ்மான் கித்வாய், முதியோர் கல்விக்கெனத் தனி நிறுவனம் கண்டார். டாக்டர் ஜாகிர் ஹுசைன் ஆதாரக் கல்வித் திட்டத்துக்கு வடிவம் கொடுத்தார். விடுதலைக்குப் பின் கல்வி அமைச்சரான மௌலானா ஆசாத், எழுத்தறிவோடு நில்லாமல் குடிமைப் பண்பும் உடல்நலமும் சேர்ந்த சமூகக் கல்வி வேண்டும் என்றார். இவர்கள் எவரும் தம் சமுதாயத்துக்கு மட்டும் விளக்கேற்றவில்லை.

இன்னொன்றும் சொல்வேன். என் நன்னிமா அரபுத் தமிழ்க் கிதாபுகளை ராகமிட்டு ஓதுவார்; பொருளும் சொல்வார். எழுத அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. பெண்பிள்ளைக்கு ஓதத் தெரிந்தால் போதும், எழுதுவானேன் என்று நினைத்த காலம். எந்த மொழியிலேனும் பொருளறிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரே எழுத்தறிந்தவர். படிக்க மட்டும் தெரிந்தவர் அல்லர் என்பது குடிக்கணக்கின் விதி. ஆகவே அவர் கடைசிவரை அரசின் கணக்கில் எழுத்தறியாதவர், பத்திரங்களில் கைநாட்டு. அவருடைய பேரனாகிய நானே, ஏற்காட்டில் இன்னொரு முதியவர் கையிலிருந்த பேனாவை மூட வைத்தேன். ஒரு வீட்டின் அநீதி அடுத்த வீட்டுக்கு எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை.

கல்வியைக் கட்டளையாகப் பெற்ற சமுதாயம் நாம். ஓதும்படி வந்த முதற்கட்டளையில் வயது வரம்பு கிடையாது. வழங்கப்பட்டவருக்கு அப்போது வயது நாற்பது.

என்ன செய்ய வேண்டும்?

கூட்டமைப்புகளைக் கலைக்க வேண்டுமென நான் வாதிடவில்லை. திருத்த வேண்டும் என்கிறேன். அதற்கு இவை வேண்டும்.

முதலாவது: முதியோர் கல்விக்காகப் பேசும் எந்தக் கூட்டமைப்பின் ஆட்சிக் குழுவிலும் மூன்றில் ஒரு பங்கு இடம், கற்பவர்களுக்கும் ஊரில் கற்பிப்பவர்களுக்கும் உரியதாக வேண்டும். அரைமணி நேர நிகழ்ச்சிக்கு அழைக்கப்படும் விருந்தினராக அன்று. கணக்குக் கேட்கும் உரிமையுள்ள உறுப்பினராக. எழுத்தறியாதவருக்குக் குழுவில் என்ன வேலை என்பவர்கள், எழுத்தறிந்தவர்களாகிய நாம் இதுவரை செய்து முடித்த வேலையைச் சொல்லட்டும்.

இரண்டாவது: வரவும் செலவும் தமிழில் எழுதப்பட்டு, வகுப்பு நடக்கும் ஊரில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். விடுதிக்கு எவ்வளவு, வகுப்புக்கு எவ்வளவு என்று அந்த ஊர்ப் பெண்கள் கேட்கட்டும். அக்கணக்கைப் படிப்பதைவிடச் சிறந்த பாடநூல் ஒன்றை எந்த நிபுணரும் எழுதிவிட முடியாது.

மூன்றாவது: கூட்டமும் வகுப்பும் கற்பவரின் நாட்காட்டிப்படி நடக்க வேண்டும். பழம் பறிக்கும் மாதத்தில் மாநாடு வேண்டாம்.

நான்காவது, அரசிடம் கேட்க வேண்டியது: கல்வி உரிமைக்கு 14 வயதில் போட்ட வேலியை அகற்ற வேண்டும். அடிப்படைக் கல்வி கிடைக்காத எவருக்கும், எந்த வயதிலும், அதைக் கேட்டுப் பெறும் சட்ட உரிமை வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பிறந்து இறக்கும் திட்டமாக இல்லாமல், நிலையான ஒதுக்கீடும் ஊதியம் பெறும் ஆசிரியரும் வேண்டும். கூட்டமைப்புகள் ஒரே குரலில் பேச வேண்டியது இதைத்தான். இதை விட்டுவிட்டு அவை வேறு நூறு பொருள்களைப் பேசினாலும் அது வெறும் பேச்சே.

நம் குடும்பங்களிடம் கேட்பது இதனினும் சிறிது. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா, உங்கள் கடையில் மூட்டை தூக்கும் பெரியவர், நீங்கள் மிளகும் காப்பியும் வாங்கும் விவசாயி ஆகியோரில் ஒருவராவது கைநாட்டுப் போடுகிறவராக இருப்பார். எடைச் சீட்டை அவரிடம் படித்துக் காட்டாதீர்கள். படிக்கக் கற்றுக் கொடுங்கள். மத்ரஸாக் கட்டடங்களும் ஜமாஅத் மண்டபங்களும் இரவில் பூட்டிக் கிடக்கின்றன. ஊரார் எல்லோருக்கும் ஒரு மணி நேரம் அவற்றைத் திறந்துவிட எந்த அரசாணையும் வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு மீண்டும் ஏற்காடு சென்றேன். அந்தச் சிற்றூரைத் தேடிப் போனேன். அந்த அம்மையார் தோட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மாலை வரை காத்திருந்தேன். வந்தார், என்னை அடையாளம் கண்டுகொண்டாரா என்று தெரியவில்லை. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். கையோடு கொண்டு போயிருந்த நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். "வகுப்பு நின்னுபோயி நாலு வருசமாச்சுங்க பாய், எழுத்தெல்லாம் மறந்துபோச்சு" என்றார்.

அன்று நான் அவருக்குக் கொடுக்க மறுத்தது இரண்டு நிமிடம். அதற்குப் பின் நாடு மறுத்தது நான்கு ஆண்டு. நோட்டுப் புத்தகத்தை அவர் திருப்பித் தரவில்லை. பேத்திக்கு ஆகும் என்று வைத்துக்கொண்டார். பேத்தி அருகில் அமர்ந்து முதற்பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். அதன் கீழே பாட்டியின் பெயரையும் எழுதி, அதை எப்படிப் படிப்பது என்று அவருக்குக் காட்டிக் கொண்டிருந்தாள். நான் கடைசிப் பேருந்தைப் பிடிக்க எழுந்தபோதும் அவர்கள் முடிக்கவில்லை.

அந்தச் சிறுமி செய்யத் தொடங்கியதைச் செய்வதற்குத்தான் நாம் இத்தனை கூட்டமைப்புகள் கண்டோம். அந்தச் சிறுமிக்குக் கணக்கெழுத வேண்டிய தொல்லை இல்லை, நமக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை இனியேனும் கற்பவர்கள் முன்னிலையில் எழுதுவோம்.